அந்தமான் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் அந்தமான். பரீட்சை முடியப் போகிறது என்று காலண்டர் பார்க்காமலே தெரிந்துவிட்டது. வாருங்கள், வரிசையாக.

கே: அந்தமானுக்கு பாஸ்போர்ட், விசா வேண்டுமா?
– முதல்முறைப் பயணி, முசிறி

ப: உள்நாட்டுக்கு எதற்கு விசா? இந்தியக் குடிமக்களுக்கு அந்தமானின் சுற்றுலாத் தீவுகளுக்குத் தனி அனுமதியும் தேவையில்லை. ஆனால் விமானம், படகு, விடுதி மூன்று இடத்திலும் போட்டோ போட்ட அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் போதும். அதில் இருப்பது நீங்கள்தான் என்று நிரூபிப்பது உங்கள் சாமர்த்தியம்.

கே: எந்த மாதம் உத்தமம்?
– பஞ்சாங்கப் பிரியர், பழனி

ப: டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கு, கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே மே மூன்றாம் வாரவாக்கில் இங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிடும். அது மூட்டை கட்டுவதற்குள் வடகிழக்கு வந்து நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர். சென்னைக்கு இரண்டு மடங்கு. ராகுகாலம் அப்புறம், முதலில் வானிலை அறிக்கை.

கே: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. என்ன செய்வது?
– இரண்டு வாலுகளின் அம்மா, வேலூர்

ப: மே பத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் கடலை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டி வரலாம். அதற்கு மெரினா எதிரிலேயே ரூம் கிடைக்கும்.

கே: கப்பலா, விமானமா?
– இரண்டையும் பார்க்காதவர், இராஜபாளையம்

ப: சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பல் தினமும் கிடையாது. மாதத்துக்குச் சில தடவைதான். தேதியை முன்கூட்டி அறிவிப்பார்கள், பிறகு மாற்றவும் செய்வார்கள். டிக்கெட் கையில் வந்தபின் ஆபீஸில் லீவு கேளுங்கள். லீவு வாங்கிக்கொண்டு கப்பலைத் தேடாதீர்கள்.

ஆசை விடவில்லையா? போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று போடுங்கள். மாற்றிப் போட்டால் லீவு முடிந்த அன்று நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். டைட்டானிக் போஸை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் இரண்டு கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கே: போர்ட் பிளேருக்கு டிக்கெட் போட்டேன். ஸ்ரீ விஜயபுரம் என்று ஏதோ வருகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?
– சந்தேகி, சங்கரன்கோவில்

ப: இல்லை, அதேதான். 2024 செப்டம்பரில் பெயர் மாறியது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவாகவும் மாறிவிட்டன. படகு டிக்கெட்டில் புதுப்பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். மவுண்ட் ரோடு, அண்ணா சாலை இரண்டும் தெரிந்த நமக்கு இது புதிதா?

கே: யார் இந்த நீல்? அவர் பெயரில் எதற்குத் தீவு?
– வரலாற்று மாணவி, திருச்சி

ப: கேட்டீர்களே, இதுதான் கேள்வி! ஜேம்ஸ் நீல், சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தளபதி. 1857 கிளர்ச்சியை அடக்கப் போன இடத்தில் கண்ணில் பட்டவரையெல்லாம் தூக்கில் போட்டதாகப் பேர் வாங்கியவர். அதற்குப் பரிசாக வெள்ளைக்காரன் நம் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தான். 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகமே நடந்தது. ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி முதல்வராக வந்தபின் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

சென்னை 1937-லேயே இறக்கி வைத்த ஆளை, அந்தமான் இறக்கி வைக்க 2018 ஆயிற்று. ஹேவ்லாக்கும் அதே 1857 கோஷ்டிதான்.

கே: அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடுமாமே, நிஜமா?
– லேட்டாக எழுபவர், இராயப்பேட்டை

ப: நிஜம். டிசம்பரில் ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் கடையைக் கட்டிவிடுவார். இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து. அந்தமான் இருப்பது 92-93 பாகையில். பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம் நாற்பது நிமிஷம் சூரியன் முந்திக்கொள்கிறார். கடிகாரம் டெல்லிக்குக் கட்டுப்பட்டது, சூரியன் பர்மாவுக்குப் பக்கத்துவீட்டுக்காரர்.

ஆகவே ஒன்பது மணிக்கு எழுந்து, பதினொன்றுக்கு டிபன் சாப்பிட்டு, நான்கு மணிக்குக் கடற்கரை என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரக் கடல். பல விடுதிகளில் காலை எட்டு, ஒன்பதுக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, அவர்களுக்கு அது நண்பகல்.

கே: எத்தனை நாள் போதும்?
– மேனேஜரிடம் கெஞ்சுபவர், ஓசூர்

ப: ஆறு இரவு. தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் இரண்டு, ஸ்வராஜில் இரண்டு, ஷஹீத்தில் ஒன்று. மீதி ஒன்று கடலுக்கு லஞ்சம்.

கே: கடலுக்கு லஞ்சமா? புரியவில்லையே.
(இதை யாரும் எழுதவில்லை. ஆனால் மேலே படித்தவர்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

ப: தீவுக்குத் தீவு போவது படகில். காற்று கிளம்பினால் படகு கிளம்பாது. டிராவல்ஸ்காரர் கொடுக்கும் அட்டவணையில், கடைசி நாள் காலை ஸ்வராஜ் தீவில் படகேறி மதியம் விமானம் பிடிப்பதாக அழகாக அச்சடித்திருக்கும். அந்த அட்டவணையைக் கடல் படித்ததில்லை. துறைமுகத்தில் 'இன்று சர்வீஸ் ரத்து' என்று பலகை வைத்தால் விமானக் கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது. கடைசி இரவை எப்பாடு பட்டாவது தலைநகரில் கழியுங்கள். இதை இன்னும் ஓரிடத்தில் சொல்லப் போகிறேன், வேறு காரணத்துக்காக.

கே: படகில் குமட்டுமே?
– பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர், கொடைக்கானல் ரோடு

ப: தலைநகரிலிருந்து ஸ்வராஜ் தீவு வேகப் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். டாக்டரிடம் கேட்டு அவோமின் மாதிரி ஒரு மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்ட ஆரம்பித்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். போனைப் பையில் வையுங்கள். கண் தொடுவானத்தில் இருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலும் கூடாது. இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள்.

தனியார் படகுகள் பெரும்பாலும் ஏ.சி. போட்டு அடைத்தவை. அரசுப் படகு மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கலாம். டிக்கெட்டும் மலிவு. கிடைத்தால் யோகம்.

கே: எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்கூபா டைவிங் செய்யலாமா?
– கிணற்றைக் கண்டால் ஒதுங்குபவர், கிருஷ்ணகிரி

ப: செய்யலாம். முதல்முறை மூழ்குபவருக்கு நீச்சல் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவார். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கூட்டிப் போக மாட்டார். உங்கள் வேலை ஒன்றுதான்: மூச்சு விடுவது. அதை நிறுத்தாமல் செய்தால் போதும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, சளி அடைத்த காது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிக்க இது கல்யாணத் தரகர் கொடுக்கும் படிவம் அல்ல.

கே: மூழ்கி எழுந்த அன்றே விமானம் ஏறலாமா?
– அவசரக்காரர், ஆம்பூர்

ப: கூடாது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் உயரத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால், ரத்தத்திலும் மூட்டிலும் குமிழி குமிழியாகக் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்தது போல. பதினெட்டு மணி நேரம் குறைந்தபட்சம். ஒரு முழு நாள் விட்டால் நிம்மதி. அந்தக் கடைசி இரவு ஞாபகம் இருக்கிறதா?

கே: ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை உண்மையிலேயே அவ்வளவு அழகா?
– எதையும் நம்பாதவர், ஈரோடு

ப: 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. இந்த ஒரு விஷயத்தில் வெளிநாட்டுப் பத்திரிகையை நம்பலாம். கடற்கரை மேற்குப் பார்த்தது. ஆகவே மாலையில் போங்கள். கிழக்கே காலாபத்தர் கடற்கரை இருக்கிறது, அது விடியலுக்கு. கடல் உள்வாங்கிய நேரத்தில் ராதாநகர் மணலைக் குனிந்து பாருங்கள். மிளகு அளவில் மணல் உருண்டைகள், ஒரு துளையைச் சுற்றி விசிறி விசிறியாகக் கோலம் போட்டிருக்கும். குட்டி நண்டுகளின் வேலை. மணலை வாயில் போட்டு, சத்தை எடுத்துக்கொண்டு, சக்கையை உருட்டி வைத்துவிட்டுப் போகின்றன. அடுத்த அலையில் எல்லாம் அழியும். அதுகள் கவலைப்படுவதில்லை. செல்ஃபி எடுப்பவர்கள்தான் மிதித்துவிடுகிறார்கள்.

கே: எலிஃபண்ட் பீச்சில் யானை பார்க்கலாமா?
– யுகேஜி மாணவனின் அப்பா, நாமக்கல்

ப: பவளப்பாறை பார்க்கலாம், மீன் பார்க்கலாம், ஜெட் ஸ்கி பில் பார்க்கலாம். யானை இல்லை. ஒருகாலத்தில் மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதில் உலகப் புகழ் பெற்று, ஹாலிவுட் கேமராவையும் பார்த்துவிட்டு, ஸ்வராஜ் தீவிலேயே 2016-ல் காலமானது. பையனிடம் சொல்லுங்கள்: அது நீச்சல் தெரிந்த யானை. அவனும் கற்றுக்கொள்ளட்டும்.

கே: முதலை இருக்குமா?
– தைரியசாலி (மனைவி கேட்கச் சொன்னார்), கும்பகோணம்

ப: இருக்கிறது. உப்புநீர் முதலை; உலகிலேயே பெரிய முதலை இனம். 2010-ல் ராதாநகருக்குப் பக்கத்து வளைகுடா ஒன்றில், நீருக்குள் நீந்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கொன்றது. அலையாத்திக் காடு ஒட்டிய ஓடை, கழிமுகம், அந்தி நேரம் மூன்றையும் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வது தைரியம் அல்ல. முதலைக்குப் படிக்கத் தெரியாது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

கே: அலை இழுத்துக்கொண்டு போனால்?
– கவலைக்காரர், கடலூர்

ப: கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போய்த்தான் பலர் மூழ்குகிறார்கள். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுவையின் அகலம் முடிந்துவிடும். அப்புறம் கரைக்கு வரலாம். நீச்சல் தெரியாதவர்? முழங்கால் தாண்டாதீர்கள். சேலை, ஜீன்ஸோடு இறங்கவே இறங்காதீர்கள். நனைந்த துணியின் எடை கடலில் இறங்கியபின்தான் தெரியும்.

கே: ஜெல்லி மீன் கொட்டினால் மூத்திரம் விட வேண்டும் என்கிறான் நண்பன்.
– பாதிக்கப்படப் போகிறவர், பாண்டிச்சேரி

ப: நண்பனை மாற்றுங்கள். மூத்திரமும் கூடாது, நல்ல தண்ணீரும் கூடாது. இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களைக் கிளப்பிவிடக்கூடும். தேய்க்காமல் கடல்நீரிலேயே அலசிவிட்டு, உயிர்காவலரிடம் ஓடுங்கள். மூச்சு திணறினால் நேரே ஆஸ்பத்திரி.

கே: கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கடிபட்டுத் திரும்பினாள் தங்கை. கொசுவா?
– அக்கா, அறந்தாங்கி

ப: மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடித்தது மறுநாள்தான் தெரியும். விடியலிலும் அந்தியிலும் வெறும் மணலில் படுப்பவர்கள்தான் அதற்கு விருந்து. பாய் விரித்து உட்காருங்கள், காலில் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசுங்கள். சொறிந்தால் புண்ணாகி, போட்டோவில் முகத்தை விட்டுக் காலைத்தான் பார்ப்பார்கள்.

கே: சங்கு, பவளம் பொறுக்கிக்கொண்டு வரலாமா? கரையில் சும்மாதானே கிடக்கிறது!
– கலெக்‌ஷன் பிரியை, காரைக்குடி

ப: சும்மா கிடப்பதெல்லாம் நம்முடையது என்றால் பாங்கில் எத்தனையோ கிடக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்குச் சமம். செத்த பவளத்துண்டும் சேர்த்தி. பல வகைச் சங்குகளும் உண்டு.

விமான நிலையத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஸ்கேனர் பெல்ட் நிற்கும். ஒரு பெட்டி ஓரமாகத் தள்ளப்படும். ஒரு சாக்ஸ் உருண்டை வெளியே வரும். அதை விரித்தால் உள்ளே இன்னொரு சாக்ஸ். அதற்குள் விரல் அளவு வெள்ளைப் பவளம். "பிள்ளை வைத்திருப்பான் சார்" என்பார் அப்பா. ஆறு வயதுப் பிள்ளை அப்பாவையே வெறிக்கும். உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள். ரசீதைச் சாக்ஸுக்குள் வைக்காதீர்கள்.

கே: பாராடாங் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம் என்கிறார் ஏஜெண்ட்.
– ஆர்வலர், அம்பத்தூர்

ப: பாராடாங்கில் சுண்ணாம்புக் குகை உண்டு, சேற்று எரிமலை உண்டு. அதைப் பார்க்கப் போங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது, பிஸ்கட் பொட்டலம் எறியக் கூடாது. மீறினால் ஜெயில். இதில் ஜோக் கிடையாது. மனிதர்களைக் காட்டுவதாகச் சொல்லி விற்கும் ஏஜெண்டை அந்த நிமிஷமே மாற்றுங்கள்.

கே: சென்டினல் தீவுப் பக்கம் படகில் ஒரு ரவுண்டு?
– சாகசக்காரர், சாத்தூர்

ப: ஐந்து கடல் மைலுக்குள் யாரும் நெருங்கக் கூடாது. 2018-ல் ஓர் அமெரிக்கர் மதம் பரப்பப் போனார், திரும்பவில்லை. 2025-ல் இன்னொரு அமெரிக்கர் குளிர்பான டின்னும் தேங்காயும் கரையில் வைத்துவிட்டு வந்து கைதானார். நம்முடைய சாதாரண சளியே அந்தத் தீவின் பழங்குடியினருக்கு எமன். அவர்கள் அம்பு விடுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு அழையாமல் வரும் விருந்தாளிக்கு நாமும் விடலாம், சட்டம் இடம் கொடுப்பதில்லை.

கே: ட்ரோன் பறக்கவிடலாமா?
– யூடியூபர், யானைக்கவுனி

ப: அனுமதி இல்லாமல் விட்டால் அடுத்த வீடியோ போலீஸ் ஸ்டேஷனில். முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இருக்கும் ஊர் அது.

கே: இன்டர்நெட் வருமா? வொர்க் ஃப்ரம் ஹோம் போடலாம் என்று ஒரு எண்ணம்.
– ஐ.டி. ஊழியர், சிறுசேரி

ப: 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போய்ச் சேர்ந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதனால் தலைநகரில் தாராளம். மற்ற தீவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கைவசம் ரொக்கமும் வையுங்கள், ஏ.டி.எம். சொற்பம். மீட்டிங்கில் 'நெட்வொர்க் சரியில்லை' என்று நீங்கள் சொல்லும்போது முதல்முறையாக அது உண்மையாக இருக்கும்.

கே: தமிழ் பேசினால் புரியுமா?
– இந்தி தெரியாதவர், இளையான்குடி

ப: 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழர். வங்காளியும் இந்தியும் மட்டுமே முன்னால். தலைநகரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பார்கள். நிக்கோபார்ப் பக்கம் கச்சால் தீவில், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். தலைநகரின் அபர்தீன் பஜாரில் நின்று "அண்ணே" என்று கூப்பிடுங்கள். குறைந்தது இருவர் திரும்புவார்கள்.

கே: சுத்த சைவம். பட்டினிதானா?
– மடிசார் மாமி, மாம்பலம்

ப: தலைநகரில் இட்லி, தோசை, சாம்பார் சாதம் எல்லாம் கிடைக்கும். சின்னத் தீவுகளில் காய்கறியும் படகில்தான் வர வேண்டும், படகு நின்றால் மெனு சுருங்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள் மாமி. பக்கத்து அறைக்காரர் சிநேகமும் தானாக வரும்.

கே: மாமியாரை அழைத்துப் போகலாமா? முழங்கால் வலி உண்டு.
– மருமகன், மன்னார்குடி

ப: தாராளமாக. ராஸ் தீவில் பேட்டரி வண்டி ஓடுகிறது. சிதைந்த வெள்ளைக்காரச் சுவர்களை ஆலமர வேர்கள் விழுங்கிக்கொண்டிருப்பதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மான்கள் பக்கத்தில் வந்து பையை முகரும். 1941 பூகம்பம் உலுக்கியது, 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், அத்தோடு ஆங்கிலேயர் தலைமையகம் காலி. கண்ணாடி அடித்தளப் படகில் பவளம் காட்டலாம். பாராடாங் குகைக்கு நடக்க வைக்காதீர்கள். ஜன்னல் ஓர சீட்டைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தீபாவளிச் சீர் சிறக்கும்.

கே: வ.உ.சி. செக்கிழுத்தது அந்தமான் சிறையிலா?
– வினாடி வினா பிரியர், விருதுநகர்

ப: இல்லை, கோவைச் சிறையில். ஆனால் அந்தமானின் செல்லுலார் சிறையிலும் செக்கு உண்டு. நாளுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். குறைந்தால் சவுக்கடி. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். கோபுரம் ஒன்று நடுவில். சக்கரத்தின் ஆரங்களாக ஏழு கிளைகள். இன்று மூன்று மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டினார்கள். கம்பி வழியே பார்த்தால் சுவர்தான் தெரியும், எதிரே மனித முகம் தெரியக் கூடாது. அறைக்குள் போய்க் கதவை ஒருமுறை சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் சுவரைக் குடைந்து எட்டத்தில் இருக்கும்; உள்ளே இருப்பவர் கை அங்கே போகாது. 'சிறைச்சாலை' படம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கே: ஷஹீத் தீவின் கடற்கரைகளுக்கெல்லாம் ராமாயணப் பெயராமே?
– கம்பன் கழகம், காரைக்குடி

ப: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். குடியேறிய வங்காளிகள் வைத்தவை. ராவணனுக்கு ஒரு சந்துகூட இல்லை. லட்சுமண்பூரில் இயற்கையே கட்டிய கல்பாலம் இருக்கிறது. கடல் உள்வாங்கும்போது மட்டும் அருகே போகலாம். அமாவாசை, பவுர்ணமி ஒட்டிய நாட்களில் நன்றாக உள்வாங்கும். பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம்.

கே: இரவில் கடல் நீலமாக ஒளிருமாமே? தேனிலவுக்குப் போகிறோம்.
– புது மாப்பிள்ளை, பொள்ளாச்சி

ப: ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தண்ணீரைக் கலக்கினால் மினுக்கும். துடுப்பு போட்ட இடமெல்லாம் பொறி பறக்கும். ஆனால் நிலா வெளிச்சம் ஆகாது; அமாவாசை இருட்டுதான் வேண்டும். தேனிலவுக்கு அமாவாசையில் கிளம்பு என்றால் உங்கள் பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார். அறிவியல் பாட்டியை ஜெயித்ததாக வரலாறு இல்லை.

கே: எரிமலையில் ஏறலாமா?
– மலையேறி, மேட்டூர்

ப: பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஒன்றரை நூற்றாண்டு தூங்கிவிட்டு 1991-ல் எழுந்தது. கப்பலில் இருந்து பார்க்கலாம், கால் வைக்க முடியாது. வைக்க முடிந்தாலும் செருப்பு மிஞ்சாது.

கே: அப்பா வைத்திருக்கும் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டில் அந்தமான் இருக்கிறதாமே?
– பர்ஸ் ஆராய்ச்சியாளர், பரமக்குடி

ப: ஆமாம். பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கலங்கரை விளக்கமுமாக, மவுண்ட் ஹேரியட்டிலிருந்து தெரியும் காட்சி. மலைக்கு 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறியது. நோட்டோடு மலையேறி ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது ரூபாயில் அந்தமானைப் பார்க்க இது ஒன்றுதான் வழி.

கே: நிக்கோபாருக்கும் சேர்த்துப் போய்வரலாமா? இந்திரா முனை பார்க்க ஆசை.
– ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்

ப: நிக்கோபார் பழங்குடியினர் பகுதி, தனி அனுமதி வேண்டும், சுற்றுலா என்று சொன்னால் கிடைக்காது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையே 2004 சுனாமி நிலநடுக்கத்தில் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் வென்ற இடங்களில் மாநக்கவாரம் என்று இருக்கிறதே, அது நிக்கோபார்தான். 1025-ல் அவர் பெர்மிட் இல்லாமல் போனார். நிறுத்திக் கேட்க ஆளில்லை. உங்களைக் கேட்பார்கள்.

கே: கடற்கரையில் ஒரு பீர்…?
– பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: அரசுக் கடையில் வாங்கலாம், கடற்கரையில் குடித்தால் அபராதம். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதற்கு அபராதம் வசூலிப்பவர் வேறு.

கே: அந்தமான் போதும், அடுத்த வாரம் லட்சத்தீவு பற்றி எழுதுவீர்களா?
– தீராத வாசகி, திண்டிவனம்

ப: எழுதுகிறேன். லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கே நுழைவு அனுமதி வேண்டும். கேள்வி அனுப்ப அனுமதி வேண்டாம். போஸ்ட் கார்டே போதும்.